எங்கள் குழிமேடுகள் உங்கள் பட்டாவுக்குள் இருக்கின்றன

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்துகிற நிர்வாகத்தாருக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், சிட்டா நகல் என்று நாள் பூராவும் ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. 'மேற்படி', 'சமூகம்', 'பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்' எல்லாம் தூக்கத்தில்கூட வரும். ஆனால் இந்த ஒரு மடலை மட்டும் பத்துத் தடவையாவது அடித்து அழித்திருப்பேன். ஒரு தடவை 'துரை அவர்கள் சமூகத்துக்கு' என்று தானாகவே விரல் அடித்துவிட்டது. என் அப்பா அப்படித்தான் எழுதுவார். அதை அழித்துவிட்டு, சரி, மனு வேண்டாம், பேசுகிற மாதிரி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

உங்களில் அநேகமாக எல்லோருடைய தோட்டத்திலும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழேயோ ஓடைக்கு அந்தப் பக்கமோ தேயிலை வைக்காமல் விட்ட ஒரு துண்டு நிலம் இருக்கும், அல்லது முன்பு இருந்திருக்கும். எங்கள் ஆட்களை அங்கேதான் புதைத்தோம். யார் எங்கே கிடக்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்கும் தெரியாது, எங்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறோம். தேட விடுங்கள், கண்டுபிடித்த இடத்தில் கை வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டார் 1970இல் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் எங்கள் வீட்டார் ஆறு பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து லாரியில் மலை. தாத்தா வரவில்லை. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். புறப்படுகிற அன்று காலையில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் எடுத்துக்கொண்டு அந்தக் குழிமேட்டுக்குப் போனாளாம். பொம்பளை அங்கே போகக்கூடாது என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். "இனிமே யாரு வரப் போறா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாளாம். போன வருஷம் அங்கே இருக்கிற சொந்தக்காரப் பையன் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். அந்த இடம் முழுக்கத் தேயிலை, அக்கா, என்றான்.

அப்பாயி 1973இல் இங்கே, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறந்தாள். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போதிருக்கிற மேலாளர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர் வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் தோட்டமே மூன்று கை மாறிவிட்டது.

லயத்தில் அப்போது ஒழுகிய காம்பரா, அதாவது வீட்டு அறை, ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தார்கள். மீந்த சிமெண்டை அப்பா மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, கொழுந்துக் கூடை ஒன்றை உடைத்துச் சட்டம்போல் வைத்து, முக்கால் முழ நீளத்துக்கு ஒரு பலகை வார்த்தார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் எழுத்துக் கீறினார். அப்பா நாலாவது வரை படித்தவர். பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் 'தோற்றம்' இல்லை. பெயரும் 'மறைவு' என்று ஒரு வரியும் வருஷமும் மட்டும்தான். இது எனக்குச் சொல்லிக் கேட்டதுதான். அந்தக் கல்லை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. நான் பெண். எங்களைச் சுடுகாட்டுப் பக்கம் விடமாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என் கடைக்கு ஜேசிபி அனுமதிக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார். உங்களுக்கே தெரியும், இந்த மாவட்டத்தில் மண்ணைத் தோண்டுகிற எந்திரம் இறக்க ஆட்சியர் அனுமதி வேண்டும். எஸ்டேட்டுக்கு உள்ளே ரோடு அகலப்படுத்த வேண்டுமாம். நானும் தட்டிக்கொண்டே வந்தேன். புல எண்ணைத் தட்டும்போது விரல் நின்றது. அப்பாயி இருந்த லயத்து ஆட்களுக்கு எத்தனை இருப்பிடச் சான்று அடித்திருப்பேன், அந்த எண் எனக்கு மனப்பாடம். லயத்துக்குக் கீழே ரோடு என்றால் அது வேறு எந்த இடமாகவும் இருக்க முடியாது. ஆனாலும் அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, முப்பது ரூபாயும் வாங்கிக்கொண்டேன். அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அங்கே போனேன்.

போனால் ஒரே உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு பக்கம் 2009 நவம்பர் மண்சரிவில் சரிந்து ஓடைக்குள் போயிருந்தது. அந்த மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்குமேல் செத்தார்கள், வீடிழந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நேரத்தில் செத்தவர்களின் குழி சரிந்ததை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அண்ணனையும் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரமும் போனேன். அண்ணனுக்கு எட்டு வயதில் பார்த்த ஞாபகம் மட்டும்தான். குழி வெட்டியவர், பாடை சுமந்தவர், பால் ஊற்றப் போனவர் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொருவரும் செத்திருக்கிறார்கள், அல்லது திருப்பூரில் இருக்கிறார்கள். திருப்பூரில் இருக்கிற இரண்டு பேர் இரண்டு இடத்தைச் சொன்னார்கள்.

கடைசியில் சொன்னது ஒரு பாட்டி. எனக்கு அத்தை முறை. எழுபத்தெட்டு வயது, மகனோடு அவிநாசிப் பக்கம் இருக்கிறார். வீடியோ காலில் பேசினேன். "ஆம்பளைங்களுக்குப் பொதச்ச அன்னிக்கு மட்டும்தான்டி தெரியும்" என்றார். "நாங்க அதுக்கு மேல் பத்தியில முப்பது வருஷம் கொழுந்து எடுத்தோம். தலையத் தூக்குனா அதுதான் கண்ணுக்குத் தெரியும். மேல ஒரு மொட்டப் பாற இருக்கா? அதுக்கு நேர் கீழ ரெண்டு சில்வர் ஓக்கு. அது ரெண்டுக்கும் நடுவுல மூணாவது மேடு ஒங்க அப்பாயி. நாலாவது என் மாமியா." சில்வர் ஓக்கை எப்போதோ வெட்டி விற்றுவிட்டார்கள். அடிக்கட்டைகள் இரண்டும் உண்ணிச்செடிக்கு உள்ளே இருந்தன.

சுடுகாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட பெண்களிடம்தான் அந்தச் சுடுகாட்டின் வரைபடம் முழுதும் இருந்திருக்கிறது. நாங்களோ அத்தனை நாளும் ஆம்பளைகளையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

எப்படித் தேடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடப்பாறையோடு வந்து உங்கள் நிலத்தைக் கிண்டுகிறோம் என்று ஒரு பயம் உங்கள் ஆபீஸ்களில் இருக்கிறது. கிண்டுவதே இல்லை. தையிலும் மாசியிலும்தான் போவோம், புல் காய்ந்து தரையின் உருவம் தெரியும் காலம் அது. குழிமேடு என்று பெயர்தான் மேடு. வருஷம் ஆக ஆக உள்ளே மண் அமுங்கி அது பள்ளமாகிவிடும். ஆள் நீளத்துக்கு, இரண்டு முழ அகலத்துக்கு, ஒரு தொட்டில் மாதிரி. நடுப்பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது தரையோடு குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றாக நிழல் கட்டும். பிறகு மெல்லிய கம்பியை நாலு விரல் ஆழத்துக்குக் குத்திப் பார்ப்போம். டக்கென்று கல் தட்டினால் கையாலேயே மண்ணை ஒதுக்குவோம்.

பள்ளம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதும் பேசும். எங்கள் இந்துக் குடும்பங்களில் தெற்கே தலை வைத்துப் புதைப்பார்கள். வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, தலை மேற்கே, கால் கிழக்கே. முஸ்லிம்களை டவுன் பள்ளிவாசல் கபரஸ்தானுக்குக் கொண்டு போய்விடுவார்கள், அதனால் லயத்துச் சுடுகாட்டில் அவர்கள் இல்லை. ஒரே சரிவில் தெற்கு வடக்காக ஒரு வரிசையும் கிழக்கு மேற்காக ஒரு வரிசையும் கண்டால், இடது பக்கம் யார் வீட்டார், வலது பக்கம் யார் வீட்டார் என்று பாட்டிமார்களிடம் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

எல்லாவற்றிலும் எழுத்து இருக்காது. பத்தில் எட்டு மேட்டில் தலைமாட்டில் நட்ட ஓடைக்கல் மட்டும்தான், உருண்டு வழவழப்பாக. மற்ற இடத்தில் கிடக்கிற கல்லெல்லாம் கரடுமுரடாக இருக்க இது மட்டும் தண்ணீர் பார்த்த கல் என்று தொட்டாலே தெரிந்துவிடும். இந்த மலையில் இருளர்களும் குறும்பர்களும் இறந்தவருக்கென்று ஆற்றுக்கல் எடுத்துவந்து வைக்கிற பழக்கம் எங்களுக்கு ரொம்ப முந்தியது. எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்த்துச் செய்தார்களா, சிமெண்டுக்கு வழியில்லாமல் செய்தார்களா, எனக்குச் சொல்லத் தெரியாது. ரோடு போடுகிறவர்களுக்கு அது வெறும் உருண்டைக் கல். ஒரு தோட்டத்தில் அப்படிப்பட்ட கற்களைப் பொறுக்கிக் காவல் கொட்டகைக்கு அஸ்திவாரம் போட்டிருந்ததை நானே பார்த்தேன்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு இன்று உங்கள் தோட்டங்களில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். நாங்கள் செடி வெட்டிக்கொண்டிருந்தபோது முண்டா இனத்துப் பையன் ஒருவன் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அரைத் தமிழில் "யார் ஆளு?" என்று கேட்டான். அப்பாயி என்றேன். புரியவில்லை. இந்தியில் தாதி என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தான். அவர்கள் ஊரில் ஒரு குலத்தாருக்கெல்லாம் சேர்த்துப் பெரிய பலகைக் கல் கிடத்தி, அதன் கீழே எலும்பு வைப்பார்களாம். வேலைக்கு வந்த இத்தனை மாசத்தில் இந்தப் பக்கம் உருண்டைக் கல் இருக்கிற இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போவானாம். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனாகவே கண்டுகொண்டிருக்கிறான். அந்த ஞாயிறு அரை நாள் எங்களோடு செடி வெட்டினான்.

மூன்றாவது பள்ளத்தில் அப்பாயி கல் கிடைத்தது. தலைகுப்புறக் கிடந்தது, இரண்டாக உடைந்து. திருப்பிப் போட்டால் முழுக்கப் பாசி. அண்ணன் கம்பி பிரஷ் எடுத்தான், கையைப் பிடித்துக்கொண்டேன். ஆணியால் கீறிய எழுத்து நூல் அளவு ஆழம்தான் இருக்கும். கம்பி பட்டால் பாசியோடு எழுத்தும் போய்விடும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்த கல்லைப் பார்த்திருக்கிறேன், பளிச்சென்று இருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மூங்கில் சீவலால் பாசியை ஓரத்திலிருந்து நெம்பி, தேங்காய் நாரால் துடைத்தோம். ஒரு மணி நேரம் ஆனது. அப்போதும் எழுத்துத் தெரியவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்து, செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். ஒவ்வொரு கீறலும் கறுப்பாக எழுந்து வந்தது. பெயரில் கடைசி மூன்று எழுத்து. அதன் கீழே 'மரைவு'. அப்புறம் 73.

மறைவுக்கு அப்பா சின்ன 'ர' போட்டிருக்கிறார்.

கொத்தனார் நல்ல மனுஷர். இதை எடுத்துப் போட்டுவிட்டு கிரானைட்டில் புதிதாகப் போடலாம், போட்டோகூட லேசரில் பதித்துத் தருகிறார்கள், எழுத்துப்பிழையும் சரியாகிவிடும் என்றார். அப்பாயிக்கு போட்டோவே கிடையாது என்றேன். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் பெயரும் 60 என்று உத்தேச வயதும்தான் உண்டு. எழுத்துப்பிழை அப்படியே இருக்கட்டும் என்றதும் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடியில் சரளையும் மணலும் பரப்பித் தண்ணீர் வடிய வழி செய்து, இரண்டு துண்டையும் அதன்மேல் சேர்த்துக் கிடத்தினோம். விரிசலில் கெட்டி சிமெண்ட் வைக்க வேண்டாம், சுண்ணாம்பு கலந்த மெலிந்த கலவை போதும் என்று கேட்டுக்கொண்டேன். பழைய கல்லைவிட ஒட்டு கெட்டியாக இருந்தால் அடுத்த மழையில் கல்தான் உடையும், ஒட்டு உடையாது. இதைச் சொன்னதும் கொத்தனாருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ரோடு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. சுடுகாட்டின் மேல் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அத்தையின் மாமியார் கிடந்த நாலாவது மேடு ரோட்டுக்கு அடியில். அதை நான் இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை.

இனி காகிதத்துக்கு வருகிறேன், அது என் தொழில். அந்தப் புல எண்ணுக்கு, நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கிற அ-பதிவேடும் புல வரைபடமும் எடுத்துப் பார்த்தேன். முழுசும் கம்பெனிப் பட்டா, தேயிலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டேன். 'மேற்படி புல எண்ணில் மயானம் ஏதும் இல்லை' என்று முப்பது நாளுக்குள் பதில் வந்தது. பொய் சொல்லவில்லை, பாவம், அவர்கள் புத்தகத்தில் இல்லைதான். ஊர்களுக்கு மயானப் புறம்போக்கு என்று தனியாக ஒரு எண் இருக்கும். லயம் ஊர் கிடையாது. லயத்தின் சுடுகாடு கம்பெனியின் சொந்த நிலத்துக்குள் வாய்ச்சொல்லில் விடப்பட்ட ஒரு துண்டு. 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், பிள்ளைக் காப்பகம், கக்கூஸ் வரைக்கும் எழுதியது. செத்தால் எங்கே என்று எழுதவில்லை.

அப்பாயியின் இறப்பையும் யாரும் பதியவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்து, 1970இலிருந்து நடைமுறையில் இருந்தும், லயத்துச் சாவைக் கீழே போய் யார் பதிவார்கள்? தேடிப் பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன். 'பதிவு இல்லை' என்று சான்று கொடுத்தார்கள். அப்பாயி செத்ததற்கு ஆதாரம் இல்லை என்பதற்கு இப்போது என்னிடம் முத்திரையோடு ஆதாரம் இருக்கிறது.

ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். 1829இல் அஸ்திவாரம் போட்டது. பின்னால் மேட்டில் கல்லறைத் தோட்டம். இந்த மலையை இங்கிலீஷ்காரர்களுக்குத் திறந்துவிட்ட கலெக்டர் ஜான் சலிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்தக் காலத்து ஆலயங்களில் எழுதிய அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905இல் சென்னை அரசாங்கம் அச்சடித்தே வெளியிட்டது. அதனால் கொள்ளுப்பேரன் அங்கிருந்து வந்து இறங்கினால் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். வரட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. செத்தவர் யாராக இருந்தாலும் செத்தவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு நானே ஒரு முறை படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கடை வாசலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன். நூற்றைம்பது வருஷமாக அதே மலையில் செடி நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டால் நீட்ட ஒரு புத்தகம் இல்லை என்பது மட்டும்தான் என் வருத்தம்.

ஆனால் புத்தகம் உங்களிடம் இருக்கலாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் எழுதிய நோட்டு, செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் அடித்த தேதி, சாவுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு. ஆபீஸ் பரணில், பேக்டரி ஸ்டோரில், பழைய ரைட்டர் குவார்ட்டர்ஸில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். எங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள விட்டால் போதும். தோட்டம் கை மாறும்போதுதான் இவை காணாமல் போகின்றன. விற்கிறவர் குப்பை என்று விட்டுப் போகிறார், வாங்குகிறவர் குப்பை என்று எரிக்கிறார்.

இரண்டு மேலாளர்களிடம் நேரில் பேசினேன். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் போடவில்லை. இருவரும் சொன்னது ஒன்றுதான்: இன்று கல்லறை என்பீர்கள், நாளைக்கு அதைக் காட்டி நிலம் என்பீர்கள். நியாயமான பயம்தான். கூடலூர்ப் பக்கம் நிலம் யாருக்கு என்கிற ஜன்ம நில வழக்கு எத்தனை தலைமுறையாக இழுக்கிறது என்று எனக்கும் தெரியும், அதற்கான மனுக்களும் என் கடையில்தான் அடிபடுகின்றன. அதனால் நேராகவே சொல்கிறேன். எங்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். அந்தத் துண்டை மட்டும் அளந்து, உட்பிரிவு செய்து, கம்பெனிப் பெயரிலேயே இருக்கட்டும், 'மயானம்' என்று ஒரு சொல் பதிவேட்டில் ஏறட்டும். முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொன்னால் வருகிற குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன். அடிப்பதற்குக் காசு வாங்க மாட்டேன்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனால் தெரிந்திருப்பது உங்களுக்கும் நல்லது. புதைத்த இடத்தில், சம்பந்தப்பட்டவர்கள் மனம் புண்படும் என்று தெரிந்தே அத்துமீறி நுழைந்தால் ஒரு வருஷம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 297ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 301. 'தெரிந்தே' என்பதுதான் அதில் முக்கியம். ஜேசிபி ஓட்டுகிற பையனுக்குத் தெரியாது, அவனை எதற்குக் குற்றம் சொல்ல? தெரிய வைக்க ஒரு வழி இருக்கிறது. எந்திரம் இறக்க நீங்கள் அடிக்கிற அனுமதி விண்ணப்பத்தில் 'வேலை நடக்கும் இடத்தில் அல்லது அதை ஒட்டிப் புதைகுழிகள் உள்ளனவா' என்று ஒரு வரி சேருங்கள். அரசு படிவத்தில் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் பக்கக் கடிதத்திலேயே எழுதலாம். எழுதுவதற்கு முன்னால் லயத்தில் வயதான ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை ஒரு தடவை நடந்து பாருங்கள். மறு நடவுக்குப் பழைய செடியைப் பிடுங்கும்போதும் அதேதான். அரை மணி நேரம் ஆகும்.

எங்கள் ஆட்களையும் விட்டுவிட்டுப் பேச எனக்கு மனசில்லை. ஆடி அமாவாசைக்கு பவானிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வண்டி கட்டிப் போகிறோம், லயத்துக்குக் கீழே இருக்கிற சரிவுக்கு இறங்க மாட்டோம். வேதக்காரர்களாவது நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி வைக்கிறார்கள், அந்த வரிசை ஓரளவு பிழைத்துக் கிடப்பதே அதனால்தான். கல் கிடைத்ததும் அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, ஷெட் போட்டு, சாமியாக்கி, உண்டியல் வைக்கப் பார்த்த ஒரு குடும்பத்தையும் பார்த்தேன். அப்படி ஒருவர் செய்வதால்தான் மற்ற ஒன்பது பேருக்கும் நீங்கள் கேட்டைச் சாத்துகிறீர்கள். நாங்கள் பேசிச் சரி செய்துகொள்கிறோம்.

இதுவரை மூன்று தோட்டங்களில் முப்பத்தொரு மேடுகளை அடையாளம் கண்டிருக்கிறோம். பெயர் தெரிந்தது பன்னிரண்டு. மீதிக்குத் தலைமாட்டுக் கல்லின் போட்டோவும், எந்தப் பாறைக்குக் கீழே எத்தனை அடி என்ற கணக்கும், ஜிபிஎஸ் எண்ணும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தந்தத் தோட்டத்துக்கு ஒரு நகல் தருகிறேன். ஜெராக்ஸ் கடைதானே.

வருகிற தை மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமையும் வருவோம். பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டோம், அதில் ஆறு பேர் பெண்கள். அவிநாசியிலிருந்து அத்தையையும் கூட்டி வருகிறோம். அவரால் இறங்க முடியாது, மேல் பத்தியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அங்கிருந்தே கை காட்டிச் சொல்வார். நாலாவது மேட்டைப் பற்றி அப்போது நான்தான் சொல்லியாக வேண்டும். கத்தி, கம்பி, தண்ணீர்க் குடம், நார் எல்லாம் எங்களுடையது. காலை எட்டு மணிக்கு வெயில் சாய்வாக இருக்கும்போதே இறங்கினால்தான் பள்ளம் தெரியும். அதனால் ஏழரைக்கெல்லாம் கீழ் கேட் பூட்டைத் திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி ஜெராக்ஸ் கடைக்காரி